கூகுள் பெயரில் வரும் மெயில் நிஜமா போலியா, எதை வைத்து முடிவு செய்வது?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியரான அவருடைய அப்பாவுக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது: ஜிமெயில் சேமிப்பிடம் நிரம்பிவிட்டது, 24 மணி நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் கணக்கு மூடப்படும். அனுப்புநர் இடத்தில் கூகுள் என்றே இருந்தது. எழுத்துப்பிழை எதுவும் இல்லை. லிங்கைத் திறந்தால் பக்கத்தின் மேலே பூட்டுப் படமும் இருந்தது. அப்பா பாஸ்வேர்டைப் போட்டார், தவறு என்று வந்தது. மறுபடி போட்டார், அவருடைய உண்மையான ஜிமெயில் திறந்துகொண்டது. பிறகுதான் மகனுக்கு உறுத்தி, பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார். போலி மெயிலைக் கண்டுபிடிக்க நிச்சயமான அடையாளம் ஒன்று சொல்லுங்கள் என்பது அவர் எழுதிய கேள்வி. ஆனால் அவரைக் குடைவது வேறு: பார்க்கச் சொன்னதையெல்லாம் பார்த்தோம், எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அப்புறமும் மாட்டினோமே, இனி எதை நம்புவது? இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் என் பதில்.

அதற்கு முன் ஒன்று. பாஸ்வேர்டை மாற்றியது நல்லது, ஆனால் அதோடு வேலை முடியவில்லை. இன்றைக்கே ஒரு கணினியில் அப்பாவின் ஜிமெயிலைத் திறந்து, செட்டிங்ஸில் ஃபில்டர் (வரும் மெயிலைத் தானாகப் பிரித்துத் தள்ளும் விதி), ஃபார்வர்டிங் (வரும் மெயிலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்புவது) இரண்டையும் பாருங்கள். அவர் போடாத ஏதாவது அங்கே இருந்தால் நீக்குங்கள். ஏன் என்பதைக் கடைசியில் விளக்குகிறேன்.

நான் புதுச்சேரியில் இருந்துகொண்டு, இங்கேயும் கடலூர்ப் பக்கமும் சின்னச் சின்ன அலுவலகங்களுக்கு கம்ப்யூட்டர், மெயில், நெட்வொர்க் பார்த்துக் கொடுக்கிறவன். ஆடிட்டர் அலுவலகம், விடுதி, சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் பட்டறை என்று பல வருஷமாக இதே பிழைப்பு. போலீஸும் இல்லை, தடயவியல் நிபுணரும் இல்லை. நீங்கள் ஒட்டியிருக்கும் மெயில் வாசகத்தையும் லிங்கையும் வைத்து மட்டுமே பேசுகிறேன். அது எந்த செர்வரிலிருந்து கிளம்பியது என்று சொல்ல மெயிலின் ஹெட்டர், அதாவது மெயில் வந்த வழியைக் குறித்து வைத்திருக்கும் மறைவான பகுதி வேண்டும், ஸ்கிரீன்ஷாட்டில் அது இருக்காது. ஆனால் அது போலி என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. லிங்க் ஒன்றே போதும்.

நீங்கள் கேட்ட அந்த ஒரு அடையாளம் ஏன் கிடையாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மெயில் போலி என்று காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் நிறைய உண்டு. அதில் ஒன்று கண்ணில் பட்டாலும் மெயிலை ஒதுக்கிவிடலாம், தப்பே இல்லை. அவற்றில் ஒன்றுகூட இல்லாத மெயிலை மட்டும் நிஜம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பலரும் சறுக்குகிற இடம் இதுதான். அனுப்புநர் பெயர் சரி, மொழி சரி, பூட்டு சரி என்று டிக் அடித்துக்கொண்டே வந்து, கடைசியில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு டிக்குக்கும் என்ன மதிப்பு என்று பார்ப்போம்.

அனுப்புநர் பெயரில் ஆரம்பிக்கலாம். போனில் மெயில் திறந்ததும் மேலே தடித்த எழுத்தில் தெரிகிற பெயர், அனுப்புகிறவர் தானே டைப் செய்வது. கூகுள் என்றும் போடலாம், கலெக்டர் ஆபீஸ் என்றும் போடலாம், யாரும் சரிபார்ப்பதில்லை. பெயரைத் தொட்டால்தான் அதன் பின்னால் இருக்கும் முகவரி தெரியும். கூகுள் என்ற பெயருக்குப் பின்னால் ஏதோ ஒரு பள்ளியின் மெயில் ஐடியோ, வாயில் நுழையாத ஒரு வெளிநாட்டு டொமைனோ (@ குறிக்குப் பின்னால் வரும் இணையப் பெயர்) இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. போலிகளில் பாதிக்கு மேல் இந்த இடத்திலேயே விழுந்துவிடும் என்பது என் அனுபவம். கணக்கெடுத்துச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

முகவரியே கூகுள் டாட் காம் என்று முடிந்தால்? அதையும் பொய்யாக எழுத முடியும். மெயில் அனுப்பும் முறையான எஸ்எம்டிபி 1982-இல் வகுக்கப்பட்டது. இணையத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்த பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களுமாக இருந்த காலம். அனுப்புகிறவர் சொல்லும் முகவரி அவருடையதுதானா என்று கேட்கும் ஏற்பாடே அதில் வைக்கப்படவில்லை. பின்னால் வந்த மூன்று ஒட்டுகள்தான் அந்த ஓட்டையை அடைக்கின்றன. இந்த டொமைனின் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த செர்வர்களுக்கு அனுமதி என்று பட்டியல் போடுவது எஸ்பிஎஃப். மெயிலில் டிஜிட்டல் கையெழுத்து வைப்பது டிகேஐஎம். இந்த இரண்டில் ஒன்றாவது, கண்ணுக்குத் தெரிகிற அனுப்புநர் முகவரியோடு பொருந்துகிறதா, பொருந்தாவிட்டால் மெயிலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5,000-க்கும் மேல் மெயில் அனுப்புகிறவர்கள் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது. யாஹூவும் அதே சமயம் இதுபோன்ற விதியைக் கொண்டுவந்தது.

கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் 'ஷோ ஒரிஜினல்' என்று வரும். அதைத் திறந்தால் இந்த மூன்றும் பாஸா ஃபெயிலா என்று மேலேயே போட்டிருக்கும். கூகுள் பெயரில் வந்த மெயிலில் டிமார்க் ஃபெயில் என்றிருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். பாஸ் என்றிருந்தால்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 'இந்த மெயில் இந்த டொமைனிலிருந்துதான் வந்தது' என்பதற்கு மேல் அந்த பாஸுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. திருடன் சொந்தக் காசில் கூகுள் மாதிரி ஒலிக்கும் டொமைன் ஒன்றை வாங்கி, மூன்றையும் ஒழுங்காக அமைத்து அனுப்பினால் மூன்றும் பாஸ்தான். சிறு நிறுவனங்களின் நிஜ மெயில்களில் ஃபெயில் வருவதையும் நான் அடிக்கடி பார்க்கிறேன். டொமைனை வாங்கிக் கொடுத்தவர் அதையெல்லாம் செட் பண்ணாமலே போயிருப்பார்.

இதைவிடச் சங்கடமான சம்பவம் 2025 ஏப்ரலில் நடந்தது. கூகுளின் சொந்த நோ-ரிப்ளை முகவரியிலிருந்து, கூகுளின் உண்மையான டிகேஐஎம் கையெழுத்தோடு ஒரு போலி மெயில் வந்தது. உங்கள் கணக்கின் விவரங்களைக் கேட்டு சட்ட உத்தரவு வந்திருக்கிறது என்றது அது. கூகுளே தானாக அனுப்பும் எச்சரிக்கை மெயிலுக்குள் தங்கள் வாசகம் வருகிற மாதிரி செய்து, அந்த மெயிலைக் கையெழுத்து கலையாமல் அப்படியே மற்றவர்களுக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஜிமெயில் எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை. உண்மையான பாதுகாப்பு அறிவிப்புகள் இருந்த அதே உரையாடலில் போய் அது உட்கார்ந்துகொண்டது. கூகுள் அந்த வழியை அடைத்துவிட்டதாகச் சொன்னது. அந்த வழி அடைபட்டிருக்கலாம். ஆனாலும் கையெழுத்து சரியாக இருந்தால் மெயிலும் நிஜம்தான் என்று அதற்குப் பிறகு நான் யாருக்கும் சொல்வதில்லை. அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயில் காட்டும் நீல டிக்கும் அப்படித்தான். அது 2023 மே மாதம் வந்தது. அடுத்த மாதமே பிரபல கூரியர் நிறுவனம் ஒன்றின் பெயரில் வந்த போலி மெயில் அந்த டிக்கோடு நின்றது.

சரி, லிங்க். அப்பாவுக்கு வந்த லிங்கை இங்கே முழுதாக எழுத மாட்டேன், யாராவது அழுத்திப் பார்ப்பார்கள். அதன் அமைப்பு மட்டும் போதும். அது கூகுள் டாட் காம் என்றுதான் ஆரம்பிக்கிறது. அதோடு நிற்காமல் இன்னொரு புள்ளி, அப்புறம் சேமிப்பிடம் சம்பந்தமான ஒரு சொல், ஒரு கோடு, இன்னொரு சொல், மறுபடி புள்ளி, நம்மூரில் யாரும் அதிகம் பயன்படுத்தாத ஒரு வால். அதன் பிறகுதான் சாய்கோடு வருகிறது. டொமைனை இடமிருந்து வலமாகப் படித்தால் ஏமாறுவோம். ஆரம்பத்து இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு முன்னால் கடைசியாக உள்ள இரண்டு துண்டுகள்தான் சொந்தக்காரர். டாட் கோ டாட் இன் மாதிரி முடிந்தால் மூன்று துண்டுகள். 'கடலூர் சாலை, முதலியார்பேட்டை, புதுச்சேரி' என்று எழுதிய கடிதம் கடலூருக்குப் போகாது. முகவரியில் கடலூர் என்று முதலில் இருந்தாலும் கடைசியில் உள்ள ஊர்தான் கணக்கு. லிங்கும் அதே ரகம். முன்னால் கூகுள், மைக்ரோசாஃப்ட், ரெடிஃப் என்று எந்தப் பெயரையும் எவனும் ஒட்டிக்கொள்ளலாம்.

போனில் லிங்கின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் முகவரி தெரியும், ஆனால் நீளமான முகவரி பாதியில் வெட்டுப்படும். இப்படி முன்னால் கூகுளைப் போடுகிறவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டிப் போட்டு எம் மாதிரி காட்டுவது, எல் வரவேண்டிய இடத்தில் ஒன்று என்ற எண்ணைப் போடுவது, ரஷ்ய எழுத்து வரிசையில் உள்ள ஒரே மாதிரித் தோற்றமுள்ள எழுத்தைச் செருகுவது எல்லாம் பழைய வித்தைகள். எனக்கே கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால்தான் தெரியும், அறுபதைத் தாண்டிய உங்கள் அப்பாவிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இன்னொரு சிக்கல், டொமைன் நிஜமாகவே கூகுளுடையதாக இருந்தாலும் பக்கம் திருடனுடையதாக இருக்கலாம். கூகுள் சைட்ஸ், கூகுள் ஃபார்ம்ஸ் இரண்டிலும் யார் வேண்டுமானாலும் பக்கம் போடலாம். மேலே சொன்ன 2025 மெயிலில் இருந்த லிங்க் கூகுள் சைட்ஸில் செய்த பக்கத்துக்குத்தான் போனது.

உங்கள் லிங்கின் வாலில் இன்னொன்று இருக்கிறது, கவனித்தீர்களா? கடைசியில் ஒரு ஹேஷ் குறி, அதற்குப் பின்னால் அப்பாவின் முழு மெயில் ஐடி. பக்கம் திறந்ததும் அவருடைய ஐடி ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது கூகுளுக்கு அவரைத் தெரியும் என்பதால் நடந்ததில்லை. ஐடியை லிங்கிலேயே எழுதி அனுப்பிவிடுகிறார்கள், அந்தப் பக்கம் அதை எடுத்துக் கட்டத்தில் போட்டுக்கொள்கிறது. கம்பெனி மெயில் என்றால் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். ஐடியில் உள்ள டொமைனை வைத்து அந்தக் கம்பெனியின் லோகோவையே இழுத்து வந்து மேலே காட்டும் பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் முறை பாஸ்வேர்டு தவறு என்று சொன்னதும் வேண்டுமென்றே செய்ததுதான். அவசரத்தில் முதல் தடவை தப்பாக அடித்திருந்தால் இரண்டாவது தடவை சரியாக அடிப்பார், இரண்டும் அவர்களுக்குக் கிடைத்துவிடும். அப்புறம் நிஜமான ஜிமெயிலுக்குத் தள்ளிவிடுவார்கள். போனில் ஏற்கெனவே லாகின் ஆகியிருந்ததால் அது உடனே திறந்தது, அப்பாவுக்கும் காரியம் முடிந்த திருப்தி.

பூட்டுப் படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். அந்தப் பக்கம் இருப்பது திருடன் என்றால் அவனோடு பத்திரமாகப் பேசுகிறீர்கள், அவ்வளவுதான். அதற்கான சான்றிதழ் இலவசமாகச் சில நிமிடத்தில் கிடைக்கிறது. மக்கள் அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் கூகுளே 2023-இல் க்ரோமிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறு குறியை வைத்தது.

எழுத்துப்பிழை பார்க்கச் சொல்வது பழைய அறிவுரை. பிழை இருந்தால் இப்போதும் சந்தேகப்படலாம், ஆனால் பிழையில்லாத மெயில் எழுத இப்போது யாருக்கும் படிப்பு தேவையில்லை. ஏஐ எழுதிக் கொடுக்கிறது, தமிழிலும்கூட. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் குடும்பங்களில் சிலர் இன்னும் வனடூ, ஆரஞ்ச் என்ற பிரெஞ்சு இணைய நிறுவனங்களின் பழைய மெயில் முகவரியை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல பிரெஞ்சிலேயே 'உங்கள் மெயில் பெட்டி நிறுத்தப்படும்' என்று வருகிறது. இங்கே ஆங்கில மெயில் என்றால் சந்தேகப்படும் தாத்தா, பிரெஞ்சில் வந்தால் நம்பிவிடுகிறார்.

மெயில் சொல்லும் சங்கதி நடக்கக்கூடியதா என்று பார்ப்பது இதையெல்லாம்விட உருப்படியான சோதனை. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. அது நிரம்பினால் மெயில் அனுப்பவோ பெறவோ முடியாமல் போகும், கணக்கை மறுநாள் மூடமாட்டார்கள். தொடர்ந்து இரண்டு வருஷம் அளவுக்கு மேலேயே இருந்தால்தான் உள்ளே இருப்பதை நீக்கக்கூடும் என்பது அவர்கள் விதி. இரண்டு வருஷமாக யாரும் திறக்காத தனிநபர் கணக்கை நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து இருக்கிறது. 24 மணி நேரக் கெடு எதிலும் வருவதில்லை. அதே சமயம், சேமிப்பிடம் நிரம்புகிறது, புதிய போனிலிருந்து லாகின் நடந்தது என்று நிஜமான கூகுள் மெயில்களும் வரத்தான் செய்கின்றன. அவற்றிலும் அழுத்துவதற்குப் பட்டன் இருக்கும். ஆகவே சங்கதி நம்பும்படி இருக்கிறது என்பதும் நிரூபணம் ஆகாது.

இதற்கு உலகமறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2016 மார்ச்சில், ஹிலாரி கிளின்டனின் தேர்தல் பிரசாரத் தலைவரான ஜான் பொடெஸ்டாவுக்கு கூகுள் பெயரில் ஒரு மெயில் வந்தது. யாரோ உங்கள் பாஸ்வேர்டோடு உக்ரைனிலிருந்து நுழையப் பார்த்தார்கள், உடனே மாற்றுங்கள் என்று. அவருடைய ஊழியர்கள் அலட்சியமாக இல்லை, கம்ப்யூட்டர் ஆட்களிடம் கேட்டார்கள். பதிலில் 'இது முறையான மெயில்தான், பாஸ்வேர்டை உடனே மாற்ற வேண்டும்' என்று வந்தது. முறையற்றது என்று எழுத நினைத்தேன் என்று எழுதியவர் பின்னால் சொன்னார். நான் கவனிக்கச் சொல்வது அந்தப் பதிலின் அடுத்த வரியை. பாஸ்வேர்டை மாற்ற கூகுளின் சரியான பக்க முகவரியையும் அவர் அதில் கொடுத்திருந்தார். அந்த முகவரியில் போயிருந்தால் மெயிலைத் தப்பாகக் கணித்தும்கூட ஒன்றும் ஆகியிருக்காது. போலி மெயிலில் இருந்த பட்டனை அழுத்தினார்கள். அந்த வருஷம் அக்டோபரிலிருந்து அவருடைய மெயில்கள் விக்கிலீக்ஸில் வர ஆரம்பித்தன.

ஆகவே மெயில் நிஜமா போலியா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையையே அப்பாவிடம் கொடுக்காதீர்கள். மெயில் என்ன சொன்னாலும் சரி, அதில் இருக்கும் பட்டன் வழியாக லாகின் பக்கத்துக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான் பழக்கம். சேமிப்பிடம் நிரம்பியதாக மெயில் சொல்கிறதா? அதை மூடிவிட்டு, ஜிமெயில் ஆப்பில் மேலே வலது மூலையில் உள்ள தன் படத்தைத் தொட்டால் எவ்வளவு இடம் மிச்சம் என்று தெரியும். யாரோ நுழைந்ததாகச் சொல்கிறதா? அதே இடத்திலிருந்து கூகுள் கணக்கை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போய், செக்யூரிட்டி பகுதியில் சமீபத்திய பாதுகாப்பு நடவடிக்கைகளைப் பார்க்கலாம். நிஜமான எச்சரிக்கை என்றால் அங்கேயும் இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்குக்கும் இதேபோல் சமீபத்திய லாகின்களைக் காட்டும் பக்கம் உண்டு. மெயில் நிஜமாக இருந்தாலும் இந்தச் சுற்றுவழியில் ஒரு நிமிடம்தான் வீண். போலியாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கும் சிறு கம்பெனிகளுக்கு இது கொஞ்சம் மாறும். அங்கே மெயில் தருவது கூகுள் கிடையாது, ஏதோ ஒரு ஹோஸ்டிங் கம்பெனி. உள்ளே போகும் பக்கம் பெரும்பாலும் ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயில். ஊரிலுள்ள எல்லாருக்கும் அது ஒரே முகம் என்பதால் நகல் எடுப்பது சுலபம். வருகிற போலி மெயிலும் வேறு ரகம்: 'உங்களுக்கு வந்த சில மெயில்கள் செர்வரில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன, விடுவிக்க இங்கே அழுத்தவும்.' ஆர்டருக்காகக் காத்திருக்கும் ஆளுக்கு இதைவிடப் பெரிய தூண்டில் கிடையாது. கீழே 'வெப்மெயில் அட்மின் குழு' என்று கையெழுத்து இருக்கும். உங்கள் கம்பெனியில் அப்படி ஒரு குழுவே இருக்காது, மெயில் அமைத்துக் கொடுத்த ஒரு தம்பிதான் இருப்பார். அவருக்கு போன் போட்டு, 'தம்பி, இப்படி ஒண்ணு வந்திருக்கு, நீங்க அனுப்புனதா?' என்று கேட்பது எல்லாத் தொழில்நுட்பத்தையும்விட மேல்.

ஆளின் கண்ணை நம்பாத சோதனை ஒன்று உண்டென்றால் அது பாஸ்வேர்டு மேனேஜர், அதாவது பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்து உரிய பக்கத்தில் தானாக நிரப்பும் வசதி. அது டொமைனை எழுத்து எழுத்தாக ஒப்பிடும், தோற்றத்தைப் பார்ப்பதில்லை. வழக்கமாகத் தானாக நிரப்புகிற பாஸ்வேர்டை ஒரு பக்கத்தில் அது நிரப்பவில்லை என்றால், கையால் அடிக்காமல் அங்கேயே நில்லுங்கள். சில நேரம் நிஜமான பக்கத்திலும் நிரப்பாமல் மக்கர் பண்ணும், ஆனால் நிற்பதால் நஷ்டமில்லை. இதைவிட உறுதியானது பாஸ்கீ, பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனிலேயே இருக்கும் டிஜிட்டல் சாவி. அது எந்த டொமைனுக்காக உருவாக்கப்பட்டதோ அங்கே மட்டும்தான் வேலை செய்யும், போலிப் பக்கத்தில் கொடுக்க நினைத்தாலும் கொடுக்க முடியாது. ஓடிபி அப்படியில்லை. போலிப் பக்கத்தில் நீங்கள் அடிக்கும் ஓடிபியை அதே நொடியில் நிஜமான பக்கத்தில் போட்டு நுழையும் கருவிகள் சர்வ சாதாரணமாகப் புழங்குகின்றன. அதற்காக ஓடிபியை எடுத்துவிடாதீர்கள். பாஸ்வேர்டு மட்டும் திருடியவனை அது தடுக்கும். அப்பாவின் கணக்கில் அது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், இன்றைக்கே போடுங்கள். முடிந்தால் அவர் போனில் பாஸ்கீயும் அமைத்துக் கொடுங்கள். கைரேகை வைத்தால் போதும் என்பதால் பெரியவர்களுக்கு அதுதான் சுலபமும்கூட.

பாஸ்வேர்டே கேட்காத ரகமும் இருக்கிறது. 2017 மே 3 அன்று, யாரோ ஒரு கூகுள் டாக்ஸ் கோப்பைப் பகிர்ந்ததாக உலகெங்கும் மெயில் பறந்தது. அழுத்தினால் கூகுளின் நிஜமான பக்கம்தான் திறந்தது. 'கூகுள் டாக்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு வெளியார் ஆப், மெயிலைப் படிக்கவும் அனுப்பவும் அனுமதி கேட்டது. கொடுத்தவர்களின் தொடர்புப் பட்டியலுக்கெல்லாம் அதே மெயில் போனது. சுமார் ஒரு மணி நேரத்தில் கூகுள் நிறுத்திவிட்டது. இங்கே டொமைன் சோதனை, பாஸ்வேர்டு மேனேஜர், பாஸ்கீ எதுவும் உதவாது. 'அனுமதி' என்ற பட்டனுக்கு மேலே எழுதியிருப்பதைப் படித்தால் மட்டும் தப்பலாம்.

இப்போது அப்பாவின் கணக்கு. ஃபில்டரைப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் இது. சிப்காட் பக்கம் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறவர் மேலே சொன்ன வெப்மெயில் தூண்டிலில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார். வெளியே ஒன்றும் தெரியவில்லை. சில வாரம் கழித்துச் சென்னையிலிருந்து வாடிக்கையாளர் போன் செய்து, 'சார், பேங்க் அக்கவுண்ட் மாத்திட்டீங்களா? புது நம்பர் அனுப்பியிருக்கீங்களே' என்று கேட்டார். உள்ளே போய்ப் பார்த்தால், பேங்க், இன்வாய்ஸ் என்ற சொற்கள் வரும் மெயில்களை இன்பாக்ஸில் காட்டாமல் யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்குத் தள்ளும் ஃபில்டர் உட்கார்ந்திருந்தது. திருடன் பழைய மெயில் தொடரிலேயே பதில் எழுதி, வந்த பதில்களை மறைத்து வைத்திருந்தான். அந்த ஒரு போன் காலால் பணம் தப்பியது. இப்படி ஒரு ஃபில்டரோ ஃபார்வர்டிங்கோ உள்ளே இருந்தால், பாஸ்வேர்டை எத்தனை தடவை மாற்றினாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

ஜிமெயிலில் இந்த இரண்டையும் போன் ஆப்பில் தேடாதீர்கள், கணினியில் எல்லா செட்டிங்ஸையும் திறந்தால் கிடைக்கும். அடுத்து கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் லாகின் ஆகியிருக்கும் கருவிகளைப் பார்த்து, அப்பாவுடையது இல்லாததை வெளியேற்றுங்கள். பாஸ்வேர்டை மாற்றினால் பெரும்பாலான கருவிகள் தானாக வெளியேறும், எல்லாமும் இல்லை. மீட்புக்கான போன் எண்ணும் மெயிலும் அவருடையதுதானா, தெரியாத பாஸ்கீ ஏதும் சேர்ந்திருக்கிறதா, தெரியாத ஆப் எதற்காவது அனுமதி போயிருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாரும் மறக்கும் ஒன்று: க்ரோமில் சேமித்து வைத்த மற்ற பாஸ்வேர்டுகளும் அதே கூகுள் கணக்கில்தான் இருக்கின்றன. வங்கி, பென்ஷன் சம்பந்தமான பாஸ்வேர்டு ஏதாவது அதில் இருந்தால், அல்லது இதே பாஸ்வேர்டை வேறு எங்காவது போட்டிருந்தால், அவற்றையும் மாற்றுங்கள். மெயிலில் ஆதார், பான் நகல்களை யாருக்காவது அனுப்பியிருந்தால் அவை வெளியே போயிருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கவனியுங்கள். பாஸ்வேர்டை மாற்றும் வரை உள்ளே இருந்து என்ன எடுத்தார்கள் என்பதை வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல வழியில்லை.

பணம் எதுவும் போகவில்லை, புகார் கொடுக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். கொடுக்கலாம். இன்னொருவர் பெயரில் கம்ப்யூட்டர் வழியாக ஏமாற்றுவதும் பாஸ்வேர்டைத் திருடிப் பயன்படுத்துவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி, 66சி பிரிவுகளில் குற்றம். மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்தில் பதிவு செய்யலாம், மாநிலம் கேட்கும் இடத்தில் நீங்கள் தமிழ்நாடு என்று போட வேண்டும். இதைப் படிக்கும் பாகூர், வில்லியனூர் ஆட்கள் புதுச்சேரி என்று போட வேண்டும். பணம் போயிருந்தால் தளத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் 1930-க்கு அடியுங்கள், எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு. ஜிமெயிலில் அந்த மெயிலின் மூன்று புள்ளியில் ஃபிஷிங் (போலி மெயிலால் ஏமாற்றிப் பாஸ்வேர்டு பறிப்பது) என்று புகார் செய்யும் வசதியும் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் 'ஷோ ஒரிஜினல்' பக்கத்திலிருந்து மெயிலை அப்படியே டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். விசாரிக்கிறவர்களுக்கு ஸ்கிரீன்ஷாட்டைவிட அந்தக் கோப்பில்தான் விஷயம் இருக்கும். அதன் ஹெட்டரை, அப்பாவின் ஐடியை மறைத்துவிட்டு இங்கே ஒட்டினால், எந்த செர்வர் வழியாக வந்தது என்று நானும் பார்த்துச் சொல்கிறேன்.